அலையை முந்தாத செய்தி

ஆழிப்பேரலையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அலையின் உயரத்தையும் மாண்டோரின் தொகையையும் குறித்துவிட்டு நிறுத்திக்கொள்கின்றனர். அந்த அலையைப் பற்றிய செய்தி யாரிடமிருந்து யாருக்கு எப்போது போயிற்று என்ற கணக்கை எழுதியோர் சிலரே. செய்தித் தொழிலில் நெடுங்காலம் இருந்தவனுக்கு இந்த இரண்டாவது கணக்கே அதிகம் உறுத்துகிறது. ஏனென்றால், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அம்பாறைக் கரையில் மாண்டவர்களுக்கும் அலைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் செய்தி எங்கெங்கோ போயிற்று. கல்முனைக்கு மட்டும் வரவில்லை.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். சுமாத்திராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பூமி பிளந்தது, அந்நாளைய இலங்கை நேரப்படி காலை 6.59 மணிக்கு. (இலங்கையின் கடிகாரம் அப்போது இந்தியக் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னே ஓடியது, 2006 இல்தான் இரண்டும் மீண்டும் ஒன்றாயின.) அதிர்வின் மையத்திலிருந்து கல்முனை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவு. ஆழ்கடலில் இந்த அலை விமானத்தின் வேகத்தில், மணிக்கு 700, 800 கிலோமீட்டர் என ஓடக்கூடியது. எட்டரை மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் அது கிழக்கிலங்கைக் கரையை அடைந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள், போதாக்குறைக்குப் பௌர்ணமிப் போயா தினம். அரசாங்க அலுவலகங்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கண்டிக்கு அருகே பல்லேகலையில் உள்ள நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் கருவி சில நிமிடங்களிலேயே அதிர்வைப் பதிந்துவிட்டது. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களுக்குள் முதல் அறிக்கையை வெளியிட்டது. அதில் நிலநடுக்கத்தின் அளவு 8.0 என்று இருந்தது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்றும் இருந்தது. பின்னர் அந்த அளவு 9 ஐத் தாண்டியது என்று கண்டறிந்தார்கள். இந்து சமுத்திர நாடுகளில் யாரை அழைத்துச் சொல்வது என்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியல்கூட இருக்கவில்லை.

இன்னும் அருகிலும் செய்தி வந்து நின்றது. கார் நிக்கோபார் தீவின் இந்திய விமானப்படைத் தளம் அலையில் அழிந்துகொண்டிருந்தபோது, இந்திய நேரம் காலை 7.30 மணியளவில் அங்கிருந்து சென்னைக்குத் தகவல் எட்டியதாக அப்போதைய விமானப்படைத் தளபதி கிருஷ்ணசாமி பின்னர் பத்திரிகைகளிடம் சொன்னார். இலங்கை நேரப்படி அது எட்டு மணி. அதாவது கல்முனையில் கடல் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே சென்னையில் ஒரு மேசைக்குச் செய்தி வந்துவிட்டது. அந்த மேசையிலிருந்து நாகப்பட்டினத்துக்கே அது போகவில்லை. கடல் கடந்து கல்முனைக்கு எங்கே போவது?

இது புதிய கதையன்று. 1881 டிசம்பர் 31 இல் கார் நிக்கோபாருக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய அலையை நாகப்பட்டினம், சென்னை உள்ளிட்ட துறைமுகங்களின் கடல்மட்ட அளவுகோல்கள் பதிந்தன. இரண்டாண்டுகள் கழித்து, 1883 ஆகஸ்ட் 27 இல், சுந்தா நீரிணையில் கிரக்கட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. அந்த வெடியோசை இலங்கையிலும் கேட்டது. அன்று பிற்பகல் காலித் துறைமுகத்தில் கடல் பின்வாங்கிப் படகுகள் தரைதட்டி நின்றன. பிறகு நீர் ஏறி வந்தது. அம்பாறைக் கரையின் தென்கோடியில், அறுகம்பை, பாணமைப் பகுதியில், பெண்ணொருத்தி நீரில் அடிபட்டு உயிரிழந்ததாக அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. கிரக்கட்டோவா காவுகொண்ட முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களில் வெகு தொலைவில் போன உயிர்களுள் ஒன்று நமது கரையில் போயிற்று.

அப்போது தந்திக் கம்பி இருந்தது. பத்தாவியாவிலிருந்து சிங்கப்பூர் வழியாக இலண்டனுக்குச் செய்தி சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. எரிமலை குமுறுவதை அங்கே பத்திரிகை வாசித்தவர்கள் உடனுக்குடன் அறிந்தார்கள். பாணமைக்குத் தந்தி இல்லை. 1883 இலும் செய்தி அலையை முந்தியது, ஆனால் அலை போகும் திசையில் அது போகவில்லை. வணிகரும் ஆட்சியாளரும் இருந்த ஊர்களை நோக்கியே போயிற்று. 121 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

அம்பாறைக் கரையைப் பார்த்திராதவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குப் போகும் நெடுஞ்சாலை கடலோடு இணைந்து தெற்கே செல்கிறது. பெரியநீலாவணை, நெசவுக்குப் பேர்போன மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊருமாக மாறிமாறித் தொடர்கின்றன. சாலைக்கு மேற்கே வயல்வெளி. கிழக்கே கடல்வரை வீடுகள். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு வேலி அளவே இடைவெளி. கடலுக்கு மிக அருகில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழை மீனவர்கள். கரைவலைத் தோணிகளும் இயந்திரப் படகுகளும் மணலில் இழுத்துவைக்கப்பட்டிருக்கும்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் அமைந்தது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்ற விழா நடக்கும். கடலோடிகளின் காவலராக இந்துக்களும் முஸ்லிம்களும் போற்றும் பெரியார் அவர். ஓட்டை விழுந்த கப்பலை அவர் கண்ணாடியை எறிந்து அடைத்துக் காத்தார் என்ற கதை நாகூரிலும் வழங்குகிறது, கல்முனையிலும் வழங்குகிறது. நாகூரும் கல்முனையும் ஒரே காலைப்பொழுதில் அழிந்தன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இந்த அளவுக்கு இழக்கவில்லை.

கல்முனையில் கடல் எழுந்த வேளையில் கொழும்பிலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்று தென்மேற்குக் கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதரை மணியளவில் பெரலியவில் அந்த ரயிலை அலை புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். கிழக்குக் கரைக்கும் பெரலியவுக்கும் இடையில் அரை மணி நேரத்துக்கும் மேலான அவகாசம் இருந்தது. கிழக்கு அழிந்த செய்தி அந்த அவகாசத்தில் மேற்கே போகவில்லை. ஒரே தீவு, ஒரே அரசாங்கம், ஒரே தொலைபேசி வலை, ஆயினும் போகவில்லை.

ஆனால் அதே செய்தி ஹவாய்க்குப் போயிற்று. இதுதான் இந்த வரலாற்றில் மிகவும் சிந்திக்க வைக்கும் இடம். இலங்கையில் மக்கள் மாண்டார்கள் என்ற இணையச் செய்தியைப் பார்த்துத்தான், உயிர்பறிக்கும் சுனாமி உருவாகியிருப்பதை ஹவாய் விஞ்ஞானிகள் உறுதியாக அறிந்தார்கள். அப்போது இலங்கையில் மணி ஏறத்தாழ ஒன்பதரை. இந்து சமுத்திரத்தில் அலையை அளக்கும் கருவிகள் அவர்களுக்கு இல்லாததால் இலங்கையில் மாண்டவர்களே அளவுகோலானார்கள். அதன்பின் மடகஸ்கார், மொரிசியஸ் ஆகியவற்றை எச்சரிக்க அமெரிக்க வெளியுறவுத் துறை மூலம் முயற்சி நடந்தது. கென்யாவில் அதிகாரிகள் செய்திகளைக் கேட்டுக் கடற்கரைகளை மூடினார்கள். அங்கே இறந்தவர் ஒரே ஒருவர். செய்தி உரிய வகையில் எட்டாத சோமாலியாவில் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். கிழக்கிலங்கையின் மரணச் செய்தி கென்யாவில் உயிர் காத்தது. தன் நாட்டிலேயே பெரலியவுக்கு அது உதவவில்லை.

அன்று இந்து சமுத்திரத்தில் தமக்குள்ளே செய்தி பகிரும் வழக்கத்தை ஏற்கெனவே வைத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது. உல்லாசப் பாய்மரப் படகுகளில் உலகைச் சுற்றுவோர். வாடைக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் இவர்கள் தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்தும் மலேசியாவின் லங்காவியிலிருந்தும் புறப்பட்டு, காலித் துறைமுகத்தில் தங்கி, மாலைதீவு வழியாகச் செங்கடலை நோக்கிப் போவார்கள். பண்டைய வணிகக் கலங்கள் நம்பிய அதே காற்று. பெரும்பாலும் கணவன் மனைவி இருவர், சில வேளை பிள்ளைகள், ஒரு சிறு படகு. துணைக்கு வேறு யாரும் இல்லாததால், நாள்தோறும் குறித்த நேரத்தில் குறித்த சிற்றலை வரிசையில் ஒருவரையொருவர் அழைத்துப் பேசிக்கொள்வது அவர்கள் வழக்கம். பெயர் சொல்லி அழைப்பார்கள். இருக்கும் இடம், காற்று, கடல்நிலை, கேள்விப்பட்டது எல்லாம் சொல்லப்படும். பதில் வராத படகைப் பற்றி மற்றவர்கள் விசாரிப்பார்கள்.

இந்த வழக்கம் அன்று பயன்பட்டது. தாய்லாந்துக் கரையில் முதல் அலையைக் கண்ட படகுகள் குறுந்தூர வானொலியில் மற்றவற்றுக்குச் சொல்லின. நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்கு விரைந்தவை தப்பின. ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. பூமி அதிர்ந்து இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்துபோன ஜேசன் 1 செய்மதி நடுக்கடலில் அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். நடுக்கடலில் இருந்த படகோட்டிகள் எதையும் உணரவில்லை; வானொலியில் கேட்டே அறிந்தார்கள். கேட்டபின், எந்தத் துறைமுகத்துக்குப் போகக்கூடாது, யார் தப்பினார்கள், யாரிடமிருந்து இன்னும் குரல் வரவில்லை என்பதை அடுத்த நாட்களில் அதே வானொலிக் கூட்டங்களில் ஒருவருக்கொருவர் சொல்லிவந்தார்கள்.

அறிவியலுக்கும் ஓர் உல்லாசப் படகு உதவியது. புக்கெட்டின் நை ஹார்ன் குடாவுக்கு வெளியே ஏறத்தாழ 12 மீற்றர் ஆழத்தில் நங்கூரமிட்டிருந்த மெர்கேட்டர் என்ற பெல்ஜியப் படகின் ஆழமானி, அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்ததைப் பதிந்துவைத்தது. கரையை நெருங்கிய அலை எப்படி ஏறி இறங்கியது என்பதற்குக் கிடைத்த அரிய நேரடிச் சான்றுகளுள் அது ஒன்று. கணினியில் சுனாமியை மாதிரி செய்யும் ஆய்வாளர்கள் தம் கணக்கை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறார்கள்.

வானொலியைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களும் அந்த நாட்களில் பெருந்தொண்டு செய்தார்கள். பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குச் சென்றிருந்த இந்திய வானொலி ஆர்வலர் குழு, போர்ட் பிளேரில் தொலைபேசிகள் செத்தபின் தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கடத்தியது. இலங்கையில் விக்டர் குணதிலகவும் அவரது நண்பர்களும் அழிந்துபோன அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

இவற்றோடு கல்முனையின் படகுகளை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். கடலுக்குப் போயிருந்த மீனவர்களும் எதையும் உணரவில்லை. மீனோடு திரும்பியவர்கள் தம் ஊர் இருந்த இடத்தில் ஊரைக் காணவில்லை. கரையிலிருந்து கடலுக்கோ கடலிலிருந்து கரைக்கோ சொல்ல அவர்களிற் பெரும்பாலோரிடம் கருவி இல்லை. இதற்கு வறுமை மட்டும் காரணமன்று. போர்க்காலத்தில் வடகிழக்குக் கடலில் மீன்பிடிப்பதற்கே நேரக் கட்டுப்பாடும் அனுமதிச் சீட்டும் இருந்தன. தொடர்பாடல் கருவி வைத்திருப்பவன் சந்தேகத்துக்குரியவன். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தபின் கெடுபிடி தளர்ந்தாலும், வானொலியில் பேசிக்கொள்ளும் பழக்கம் ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடாது. பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்கியவர்களிடம் இருந்த வசதி, பிழைப்புக்காகக் கடலில் இறங்கியவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

அம்பாறைக் கரையிலும் உல்லாசக் கடலோடிகளின் இடம் ஒன்று உண்டு. பொத்துவிலுக்குத் தெற்கே அறுகம்பை, அலைச்சறுக்கு வீரர்களிடையே உலகப் புகழ் பெற்றது. ஆனால் அங்கே பருவம் ஏப்ரலில் தொடங்கி ஒக்டோபரில் முடியும். டிசம்பரில் வெளிநாட்டார் சிலரே இருந்தனர். ஆகவே புக்கெட்டின் ஒளிப்படங்களும் காலி கிரிக்கெட் மைதானத்தின் ஒளிப்படங்களும் உலகத் தொலைக்காட்சிகளை நிரப்பிய நாட்களில், எல்லாரிலும் அதிகம் இழந்த அம்பாறை செய்தியில் பின்தங்கியது. ஜனாஸாக்களை மையவாடிகளில் அடக்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குத் தம் கதையைச் சொல்ல நேரமும் இல்லை.

கருவி பெரிதாக இல்லாமலேயே செய்தி உயிர் காத்த ஊரும் உண்டு. புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவக் கிராமம். அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்து தொலைக்காட்சியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்தில் ஓர் ஒலிபெருக்கி இருந்தது. கடல்நிலை, காற்று, மீன் விலை முதலியவற்றை அறிவிப்பதற்காக வைத்தது. ஊரார் அதில் அபாயத்தை அறிவித்தார்கள். ஊர் காலியாயிற்று, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். சுமாத்திராவுக்கு அருகேயுள்ள சிமெலுவே தீவில் அந்தக் கருவியும் தேவைப்படவில்லை. 1907 இல் வந்த பேரலையைப் பாட்டிமார் கதையாகச் சொல்லிவந்தார்கள். பூமி பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். ஏறத்தாழ எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த தீவில் மாண்டவர் ஏழு பேர்.

நம் இலக்கியத்தில் கடல்கோள் என்ற சொல் இருந்தது. புலவர்கள் அதை அறிந்திருந்தார்கள். கல்முனைக்குடி மீனவனுக்கு அது வந்து சேரவில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியைக் கண்டவர்கள் காற்றுக்கு அஞ்சக் கற்றிருந்தார்கள். காற்றில்லாத நாளில் கடல் எழும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அன்று காலை கல்முனையில் தொலைபேசி இருந்தது. ஒவ்வொரு பள்ளிவாசலிலும் ஒலிபெருக்கி இருந்தது. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் பிள்ளைகளும் இருந்தார்கள். நல்லவாட்டில் இருந்தவை எல்லாம் கல்முனையிலும் இருந்தன; சிங்கப்பூரிலிருந்து வந்ததுபோன்ற ஓர் அழைப்புத்தான் வரவில்லை.

செய்தி பகிர்வதில் மறுபக்கமும் உண்டு. அலை அடித்து நான்கு நாட்களுக்குப் பின், டிசம்பர் 30 ஆம் திகதி, இன்னொரு சுனாமி வரலாம் என்று இந்திய உள்துறை அமைச்சு எச்சரித்தது. அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி விடுக்கப்பட்ட அந்த எச்சரிக்கை பிறகு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் தமிழகக் கரையிலும் இலங்கைக் கரையிலும் மக்கள் பிணங்களையும் நிவாரணத்தையும் விட்டுவிட்டு ஓடினார்கள். மெய்ச்செய்தி நத்தையாக வந்த கரைக்குப் பொய்ச்செய்தி பறந்து வந்தது. பாய்மரப் படகுகளின் வானொலிக் கூட்டங்களில் இந்தக் குழப்பம் குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே பேசுவோர் ஒருவரையொருவர் நாள்தோறும் குரலால் அறிந்தவர்கள். யார் கண்ணால் கண்டதைச் சொல்கிறார், யார் கேட்டதைச் சொல்கிறார் என்பது கேட்போருக்குத் தெரியும். செய்தியாளன் தன் தொழிலில் முதல் நாளே படிக்கும் பாடமும் இதுதான்.

பிறகு நிலை ஓரளவு திருந்தியது. 2005 மார்ச் 28 இரவு சுமாத்திராவில் மீண்டும் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டபோது இலங்கைக் கரையோர மக்கள் இருளில் உள்ளூர்ப் பக்கம் ஓடினார்கள். அதே ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. 2011 முதல் இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்து சமுத்திரம் முழுவதற்கும் எச்சரிக்கை வழங்கத் தொடங்கின. 2012 ஏப்ரல் 11 இல் 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது இந்த ஏற்பாடு முதன்முறை பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. வெளியேறுமாறு அரசாங்கம் அறிவித்தது. கிழக்குக் கரையின் மக்கள் மேற்கே திரும்பினார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடித் தட்டுகள் அம்முறை மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். ஆயினும் செய்தி அன்று அலையை முந்தியது.

இப்போது கைத்தொலைபேசி இல்லாத மீனவர் இல்லை; வாட்ஸ்அப் குழு இல்லாத ஊரும் இல்லை. ஆகவே இனிக் கவலையில்லை என்று கருதுவோர் உண்டு. கைத்தொலைபேசியின் அலை கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் எட்டாது. கோபுரங்களிற் பல பராமரிப்பின்றிப் பழுதாகிக் கிடப்பதாகப் பத்திரிகைகளில் அவ்வப்போது செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. 2004 ஐக் கண்ணால் காணாத ஒரு தலைமுறை கல்முனையில் வளர்ந்து கடலுக்கும் போகத் தொடங்கிவிட்டது.

இந்தக் கரைக்கு வேண்டியவை எளியவை. ஒலுவில் முதல் மருதமுனை வரை ஒவ்வொரு மீனவர் சங்கத்திலும் நாள்தோறும் குறித்த நேரத்தில் கடலிலுள்ள படகுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒருவர் வேண்டும். காற்று, மழை, மீன் விலை என்று எதைப் பேசினாலும் சரி. அந்தக் குரல் பழகவேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவிப்பு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்து பள்ளிவாசல், கோவில், தேவாலய ஒலிபெருக்கியை அடையும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியவேண்டும். ஆழ்கடலில் இருப்பவர் கரைக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்கவேண்டும், கரையில் இருப்பவர் படகைக் காக்க ஓடாமல் வயல்பக்கம் ஓடவேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். டிசம்பர் 26 தோறும் நடக்கும் துஆப் பிரார்த்தனைகளுக்குப் பிறகு இதைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்.